உட்காரப் பழகிய ரப்பர்

அவள் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. இடுப்பைப் பார்த்துத்தான் பேசுவாள். தப்பாக நினைக்கவேண்டாம். தையற்காரரின் பார்வைகூட நம்மைத் தொட்டுவிட்டு டேப்புக்குப் போய்விடும். இவள் பார்வை நம் இடுப்பில் வந்து உட்கார்ந்துவிடும். உத்திரமேரூர் கடைத்தெருவில் அவள் வருகிறாள் என்றால், நல்ல உடம்போடு இருக்கிற ஆண்கள்கூடத் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். கட்டுவது மரியாதைக்கு இல்லை, மறைப்பதற்கு. எனக்கு அப்போது இடுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு வட்டாரமே இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. படுத்த படுக்கையாகக் கிடக்கிற பெரியவர்களுக்கு என்று கடையில் விற்கும் சரக்கு எதுவும் எங்கள் பக்கத்தில் கிடையாது. பழைய வேட்டியை நாலாக மடித்துக் கோவணம் மாதிரி கட்டுவார்கள். அது நனையும், பாய் நனையும், அப்புறம் வீடே நனைந்த மாதிரி ஒரு வாடை வரும். அந்தத் துணிக்கு மேலே போடுகிற, ஈரம் வெளியே வராத உறையைத் தைத்துக் கொடுத்தவள் அவள். ஊரில் அதற்கு ரப்பர் டிராயர் என்று பெயர். அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் சொல்லமாட்டார்கள். நாங்கள் 'அந்தக்கா' என்போம். பெரியவர்கள் அதுகூடச் சொல்லாமல், 'அது வந்துட்டுப் போச்சு' என்பார்கள்.

அவள் புருஷன் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினவர். நெல் மூட்டை அடுக்கு சரிந்து முதுகு போயிற்று. வருஷக்கணக்காகப் படுத்திருந்தார். முதல் டிராயரை அவருக்குத்தான் தைத்தாள். அவர் போன பிறகும் கை நிற்கவில்லை.

எல்லாருக்கும் ஒரே உறை என்பது அவளிடம் கிடையாது. முதலில் வந்து ஆளைப் பார்ப்பாள். படுத்தே இருக்கிறவரா, பிடித்துக்கொண்டால் நாலு அடி நடப்பவரா, எந்தப் பக்கம் ஒருக்களிக்கிறார், தொடை வற்றிவிட்டதா, தோல் எப்படி, எல்லாம் பார்ப்பாள். நடக்கிறவருக்கு, யூரியா மூட்டைக்கு உள்ளே வருமே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக், அதில் வெட்டுவாள். லேசு, வேர்க்காது, ஆனால் அடி வைத்தால் சரசரக்கும். படுத்தே இருப்பவருக்கு, பிரசவத்துக்கென்று காஞ்சிபுரம் மருந்துக்கடையில் விற்கிற சிவப்பு ரப்பர் ஷீட். தையல் போட்டால் ஊசித் துளையில் கசியும் என்று மூட்டுகளைச் சைக்கிள் கடை சொல்யூஷன் போட்டு ஒட்டுவாள். தொடையைப் பிடிக்கிற வளையத்துக்குச் சைக்கிள் டியூபை மெல்லிசாக நறுக்குவாள். இறுக்கினால் தோல் அறுந்துபோகும், தளர்ந்தால் கசியும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடத்தை விரலை உள்ளே விட்டுத்தான் கண்டுபிடிப்பாள்.

அவள் பார்வைக்கு ஊர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு சிலம்ப வாத்தியார். தேக்கு மரத்தில் கடைந்த மாதிரி உடம்பு. ஒருநாள் டீக்கடையில் இவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் கடுப்பாகி, "இன்னா அப்டி பாக்கற" என்று கேட்டார். அவள் அவர் இடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒண்ணுமில்ல நைனா. ஒன் அளவுக்குக் கைவசம் இல்ல, அதான் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கடையே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். நானும் அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே அவள் காஞ்சிபுரம் பஸ்ஸில் போய்ப் பெரிய துண்டாக ஒரு ரப்பர் ஷீட் வாங்கி வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. வாத்தியார் பனைமரத்திலிருந்து விழுந்தது அடுத்த மழைக்காலத்தில். டிராயர் தயாராக இருந்தது.

இன்னொருவர், கோயில் மடப்பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர். சொட்டுச் சொட்டாகப் போகிற வியாதி. பிளாஸ்டிக் டிராயர் போட்டுக்கொண்டு தினமும் டீக்கடைக்கு வருவார். ஆள் திரும்புவதற்கு முன்பே சரசரப்பு தெருமுனையில் திரும்பிவிடும். டீ போடுகிறவர் சத்தத்தைக் கேட்டே அவருக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று ஆற்றத் தொடங்குவார். மடப்பள்ளிக்காரர் செத்துப்போன மறுநாள் மத்தியானம், வெயிலில் தெருவே காலியாக இருக்கும்போது அதே சரசரப்பு முனையில் திரும்பியது. டீ ஆற்றுகிறவர் கை தன்னால் சர்க்கரை இல்லாத கிளாசை எடுத்துவிட்டது. பெஞ்சில் இருந்த நான் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டேன். தைரியசாலி என்று எனக்கு நானே பெயர் வைத்திருந்த காலம் அது. பார்த்தால் அவள்தான். சாவு வீட்டிலிருந்து அந்த டிராயரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறாள். கடைக்கு நேரே வந்ததும் நின்று, கக்கத்தைப் பார்த்துக் குனிந்து, "குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நடந்தாள்.

அதுதான் அவள் வழக்கம். ஆள் போய்விட்டால், குளிப்பாட்டுவதற்கு முன்னால் பின்வாசல் வழியாக வந்து உறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். செத்தவரின் பாயையும் துணியையும் வீட்டில் வைக்கக்கூடாது என்று தூக்கிப் போடுகிற ஊர். அந்த ஒன்றை அவள் எடுத்துப் போவது எல்லாருக்கும் நிம்மதி. எடுத்துப் போய் என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

நான் பார்த்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அவருக்கு அளவு பார்க்க அவளைக் கூப்பிட என்னைத்தான் அனுப்பினார்கள். அப்போது நான் வேலை தேடுவதை வேலையாக வைத்திருந்தேன். அதனால் வீட்டில் இந்த மாதிரிக் காரியங்கள் எல்லாம் என் இலாகா. ஏரிக்கரைக்குக் கீழே அவள் வீடு. பக்கத்தில் மாடு இல்லாத ஒரு மாட்டுக்கொட்டகை. வெளியே கண் கூசுகிற வெயில். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும், பழகியிருக்கவேண்டாம் என்று தோன்றியது.

கொடியில் வரிசையாக இடுப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. இடுப்பும் பாதித் தொடையும் மட்டும். தலை இல்லை, மார்பு இல்லை, கால் இல்லை. ஒவ்வொன்றும் ஆள் உள்ளே இருக்கிற மாதிரி உப்பியிருந்தது. ஒன்று ஒல்லி, ஒன்றுக்குத் தொந்தி, ஒன்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காற்று இல்லை. ஆனாலும் கடைசியில் இருந்த ஒன்று மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"வைக்கோல் நைனா" என்று பின்னால் குரல். "உள்ள திணிச்சி வெக்கலன்னா ரப்பரும் ரப்பரும் ஒட்டிக்கும். மடிச்சி வெச்சா மடிப்புல வெடிக்கும். வெயில்ல போட்டா செத்துடும்."

கழுவுகிற விதத்தையும் சொன்னாள். உள்ளே கட்டும் துணியைச் சோடாவில் போட்டு வேகவைக்கலாம், வெயிலில் காய வைக்கலாம். உறைக்கு அது ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரும் பூந்திக்கொட்டை நுரையும் போதும். துடைத்து, நிழலில் காயவைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரை உள்ளும் புறமும் தூவவேண்டும். எண்ணெய் மட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. பேசிக்கொண்டே கொடியில் இடம் பண்ணினாள். தொந்தி வைத்த ஒன்றைப் புறங்கையால் தள்ளி, "கொஞ்சம் நவுந்துக்க மணியாரே, புது ஆளு வருது" என்றாள். வாசலுக்குப் பக்கத்தில், சாயம் போய் வெளுத்த ஒன்றைக் காட்டி, "அது மட்டும் யாருக்கும் கெடையாது. எங்க வூட்டுக்காரரு" என்றாள். நான் வணக்கம் சொல்லிவிட்டேன். பழக்கதோஷம்.

பல வருஷம் கழித்து அவள் ஊரைவிட்டுப் போனபோது உறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். வைக்கோல் அங்கேயே கிடந்தது. கொட்டகையைப் பிரிக்க வந்தவர்கள் பார்த்தார்களாம். வரிசையாக, அந்தந்த இடுப்பின் உருவத்திலேயே அப்படியே இருந்ததாம், உதிரவில்லையாம். மாட்டுக்குப் போடவும் மனசில்லை, கொளுத்தவும் துணிச்சலில்லை. மழை வந்து கரைக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அப்பா கதைக்கு வருகிறேன். துண்டு இல்லாமல் தெருவுக்கு வராத மனிதர் அவர். படுக்கையில் விழுந்தபின் வாயிலிருந்து 'ம்' என்பதைத் தவிர வேறு எதுவும் சரியாக வரவில்லை. துணி மாற்றும்போது கண்ணை மூடிக்கொள்வார். எழுந்து வெளியே போகமுடியாதவர் அறையை விட்டு வெளியேறுகிற வழி அது. அந்த நேரத்தில்தான் என் தங்கைக்குத் திருமுக்கூடலில் சம்பந்தம் முடிந்தது. அப்பா மனையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டும். முடியாதவராக இருந்தால் சித்தப்பாவும் சித்தியும் உட்காரலாம், அதற்கும் வழி இருக்கிறது. சித்தப்பா பட்டு வேட்டிகூட எடுத்துவிட்டார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தாலி என் கயுத்துல கீது. நான் குத்துக்கல்லாட்டம் நின்னுகினு கொயுந்தனாரு தாரை வாக்கறத பாக்கணுமா" என்று கேட்டாள்.

பேச்சு இப்படிப் போகும்போதெல்லாம் அப்பா கண்ணை மூடிவிடுவார். ஏன் என்று எங்களுக்குத் தெரியும். சம்பந்தி வீட்டாரும் ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, மணப்பெண் பக்கத்தில், மனைப்பலகையில் நனைந்துவிட்டால் அதற்கப்புறம் அவர் கண்ணைத் திறக்கவேமாட்டார்.

அம்மா நம்பியிருந்தது அந்தக்கா தைத்துக் கொடுத்த புது டிராயரை. விளிம்பு கொஞ்சம் விறைப்பாக இருந்தது. அப்பா தொடையில் சிவந்த கோடு விழுந்தது. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வறண்டது எதுவானாலும் தேங்காயெண்ணெய் என்பது எங்கள் வீட்டு வைத்தியம். தலைக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான், எனக்கு வேலை கிடைக்காததற்கும் யாரோ உச்சியில் வைத்துப் பார்த்தார்கள். எண்ணெய் ஆகாது என்று அந்தக்கா சொன்னதை வீட்டில் சொல்ல நான் மறந்திருந்தேன். டிராயர் முழுக்க நன்றாகத் தேய்த்து, ஊறட்டும் என்று வெயிலில் வேறு போட்டாள். ரெண்டொரு நாளில் அது ஊதி, பிசுபிசுத்து, வெல்லப்பாகு மாதிரி விரலோடு வந்தது. கல்யாணம் அந்த வாரம்.

நான் போய்ச் சொன்னேன். அவள் திட்டவில்லை. உச்சி வெயிலில் பின்வாசல் வழியாக வந்தாள். ஈரத் துணியில் எதையோ சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்திருந்தாள். பிரித்துக் காட்டினாள். சிவப்பு மங்கிப் பழுப்பேறிய ஒரு டிராயர்.

"மேட்டு வூட்டாரு" என்றாள்.

அம்மா வாசலை மறித்துக்கொண்டாள். மேட்டுவீட்டார் எங்கள் பங்காளி, அப்பாவின் பெரியப்பா மகன். ஒரு வரப்பு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தொடங்கி, இரண்டு வீட்டுக்கும் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. பேச்சு இல்லாவிட்டாலும் தீட்டு உண்டே. முந்தின வருஷம் அவரும் இதே வாதத்தில், வலது பக்கம் விழுந்து கிடந்து செத்தபோது, அப்பா தெருமுனையோடு நின்று மொட்டை மட்டும் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். வீட்டுக்குள் போகவில்லை.

"கண்ணாலம் வெச்சிக்கீற வூடு. செத்தவங்க பேர எடுக்காத" என்றாள் அம்மா.

"பேர எடுக்கலம்மா. ஆளத்தான் எடுத்தாந்துக்கீறேன்."

புதிதாக ஒன்று வெட்டக்கூடாதா என்று நான் கேட்டேன்.

"வெட்லாம். புது ரப்பருக்குப் படுக்கத் தெரியும் நைனா, ஒக்காரத் தெரியாது. ஆளோட சேந்து ஒக்காந்து பளகணும். இவுரு கடசி வரிக்கும் படுக்கமாட்டேன்னு நாள் முச்சூடும் பெஞ்சுல ஒக்காந்துகினு இருந்தவரு. ஒரே ரத்தம், ஒரே இடுப்பு. வேற எதுவும் ஒங்க நைனாவுக்குச் சேராது."

முன்வாசலில் பந்தல்காரர்கள் மூங்கில் இறக்குகிற சத்தம். தங்கை யாரிடமோ சிரித்துப் பேசுகிற சத்தம்.

"கசியாதா?" என்று கேட்டாள் அம்மா.

"கசியாது."

"கசிஞ்சா?"

"அவுரு ஒக்காந்து கசிஞ்சதில்ல."

அம்மா வழி விட்டாள். ஆனால் அந்தக்கா உடனே மாட்டவில்லை. அப்பாவிடம் சொல்லாமல் போடமுடியாது என்றாள். சொல்லாமல் மாட்டினால் ரெண்டு பேரும் உள்ளே மல்லுக்கு நிற்பார்கள், தொடை புண்ணாகிவிடும் என்று விளக்கம் வேறு. கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, அப்பாவின் காதில் வாய் வைத்து என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசிவிட்டு, உறையின் பக்கம் திரும்பி அதன் மடிப்பிலும் வாய் வைத்து அதே நேரம் பேசினாள். அதுவும் கேட்கவில்லை, கேட்கவும் ஆசைப்படவில்லை.

அப்பா கண்ணை மூடுவார் என்று காத்திருந்தேன். மூடவில்லை. கூரையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு நல்லாயிருந்த வலது காலின் குதிகாலைப் படுக்கையில் ஊன்றி, தானாக இடுப்பைத் தூக்கிக் கொடுத்தார்.

முகூர்த்தத்தன்று அப்பாவை மனையில் வைத்து, பின்னால் சாய்மானத்துக்கு என்னை உட்காரவைத்தார்கள். எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். அவர் இடது பக்கம் சரிவார் என்று தெரியும். அதனால் இடது கையை முட்டுக் கொடுக்கத் தயாராக வைத்திருந்தேன். அவர் சரியவில்லை. இடப்பக்கம் இழுக்கிற உடம்பை, கீழேயிருந்து எதுவோ வலப்பக்கம் இழுத்துப் பிடித்திருந்த மாதிரி நேராக இருந்தார். ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், அதனால் அப்படி என்று பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கில் நான் எப்போதும் கோட்டை விடுகிறவன்.

தாரை வார்க்கச் செம்பைச் சாய்த்தார்கள். அப்பாவின் கைக்குக் கீழே அம்மாவின் கை. அந்த நேரத்தில் மனைப்பலகைக்கு அடியிலிருந்து ஈரம் ஒரு கோடாக ஓடி வந்து என் முழங்காலைத் தொட்டது. அம்மாவும் பார்த்துவிட்டாள். மேளம் கொட்டிக்கொண்டிருக்கிறது. சம்பந்தியம்மாள் குனிந்து என்னவென்று பார்க்கப் போனாள். நான் விரலால் தொட்டேன். சில்லென்று இருந்தது. செம்புத் தண்ணீர்தான், கை வழியே ஒழுகினது. அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தேன். அவள் மூச்சு விட்ட சத்தம் மேளத்தை மீறி எனக்குக் கேட்டது. அப்பா அசையவில்லை. அவர் வேட்டி காய்ந்தே இருந்தது.

தாலி கட்டி முடிந்து கூட்டம் கலைகிறபோதுதான் கவனித்தேன். பந்தல் காலுக்கு வெளியே மேட்டுவீட்டுப் பெரியம்மா, செத்துப்போன பங்காளியின் பெண்சாதி, நின்றுகொண்டிருந்தாள். யாரும் அழைக்கவில்லை. புருஷனை இழந்தவள் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்று தூரத்திலேயே நின்று, அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாதான் போனாள். அத்தனை வருஷத்துக்கப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல், "யாரு சொன்னாங்க அக்கா?" என்று கேட்டாள்.

"அதுதான் காலைல வந்து சொல்லிச்சி" என்றாள் பெரியம்மா. "ஒங்க வூட்டுக்காரரு தம்பி பொண்ணு கண்ணாலத்துக்குப் போய்க்கீறாரு, நீ போவலியான்னு கேட்டுச்சி. புத்தி பேதலிச்சி சொல்லுதுன்னு இருந்தேன். இங்க வந்து பாத்தா..." ஒரு அடி முன்னால் வைத்து நின்றாள். "கிட்ட வர்லாமா?" என்று கேட்டாள்.

"வா அக்கா" என்று அம்மா கையைப் பிடித்தாள். சித்தப்பா முகம் சுளித்ததை அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

பெரியம்மா மனையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வரவில்லை. பின்னாலேயே வந்து, என் தலைக்கு மேலே கையை நீட்டி, அப்பாவின் வலது தோளைத் தொட்டாள். கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்ததும் பெண்சாதிகள் புருஷனிடம் கேட்பார்களே, அந்த மாதிரி சாதாரணமாக, "போலாமா?" என்று கேட்டாள்.

"ம்" என்றார் அப்பா.

சமையல்கொட்டகைப் பக்கமிருந்து அந்தக்கா குரல் வந்தது. வழக்கம்போல எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்க, எழுப்புங்க. ரெண்டு பேருக்கும் கால் மரத்துப் போயிருக்கும்."

நான் அப்பாவின் அக்குளுக்குள் கை கொடுத்தேன். எலும்பும் தோலுமாகிப் போனவர், தினமும் நான் ஒருவனே வாரித் தூக்கி உட்காரவைக்கிற மனிதர். தூக்கினேன். வரவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு முறை தூக்கிப் பார்த்தேன். சித்தப்பாவும் மாப்பிள்ளையின் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் வந்து கை கொடுத்த பிறகுதான் மனையை விட்டுக் கிளம்பினார்.